ஒரே ஆங்கிலச் சொல், ஊருக்கு ஒரு பொருள்: நீங்கள் தடுக்கி விழுந்த சொற்கள் எவை?

#1 வரிவடிவன்

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு அலுவலக ஆவணங்களை மொழிபெயர்த்து வருகிறேன். சென்ற வாரம் செய்த பிழை ஒன்று இன்னும் மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்க அமைப்பு ஒன்றின் கூட்டக் குறிப்பு, பதினான்கு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: உறுப்பினர் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் 'டேபிள்' செய்யப்பட்டது. 'தீர்மானம் அவையின் முன் வைக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. தமிழ்ப் பதிப்பைப் படித்த உறுப்பினர்கள் கட்டணம் உயரப்போகிறது என்று கொதித்துப்போயிருந்தார்கள். உண்மையில் அந்தக் கூட்டம் தீர்மானத்தைக் கிடப்பில் போட்டிருந்தது. நேர் எதிர்ப்பொருளை எழுதியிருக்கிறேன்.

தெரியாத சொல்லாக இருந்திருந்தால் அகராதியைப் புரட்டியிருப்பேன். தெரிந்த சொல் ஆயிற்றே என்று தாண்டிவிட்டேன். அதுதான் வலிக்கிறது.

ஆகவே கேட்கிறேன். ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் இருப்பதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். 'லிப்ட்', 'எலிவேட்டர்' பட்டியல்கள் எல்லா இடத்திலும் கிடைக்கின்றன, அவற்றால் யாரும் ஏமாறுவதில்லை. சொல் ஒன்றாகவே இருந்து, நாட்டுக்கு நாடு பொருள் மாறி உங்களைக் கவிழ்த்தவை எவை?

#2 அவைக்குறிப்பு

வரிவடிவன், வருந்தாதீர்கள். அந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தவர்கள் மிகப் பெரியவர்கள். 1941 டிசம்பரில் பிரிட்டன், அமெரிக்கப் படைத் தலைவர்கள் வாஷிங்டனில் கூடிப் போர்த் திட்டம் பேசினார்கள். அவசரமாக விவாதிக்க வேண்டிய அறிக்கை ஒன்றைப் பிரிட்டிஷ் தரப்பு 'டேபிள்' செய்ய விரும்பியது. அமெரிக்கர்களுக்கு அது அறிக்கையை மேசை இழுப்பறைக்குள் போட்டு மறந்துவிடுவது. இரு தரப்பும் நெடுநேரம் சூடாக வாதாடிய பிறகுதான் இருவர் விரும்புவதும் ஒன்றே என்று தெரிந்தது. சர்ச்சில் தம் போர் வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இரண்டு பொருளும் ஒரே மேசையிலிருந்து பிறந்தவை. காகிதத்தை எல்லோரும் பார்க்கும்படி மேசைமேல் வைப்பது ஒன்று. கையில் எடுத்த காகிதத்தைப் பேசாமல் மேசையிலேயே விட்டுவிடுவது மற்றொன்று. இந்திய நாடாளுமன்றம் பிரிட்டிஷ் வழக்கில் நிற்கிறது. அங்கே அறிக்கைகள் மேசையில் வைக்கப்பட்டன என்றால் உறுப்பினர் பார்வைக்கு வந்துவிட்டன என்று பொருள். நாம் அந்த வழக்கில் வளர்ந்தவர்கள், அதனால்தான் உங்கள் கை தானாக அப்படி எழுதியது.

அமெரிக்க ஆவணத்தில் இந்தச் சொல்லைக் கண்டால் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று தொடங்குங்கள். கனடாவில் இரண்டு வழக்கும் காதில் விழும். அங்கே அடுத்த பத்தியைப் படிக்காமல் எழுதக்கூடாது.

இதே குடும்பத்தில் 'மூட்' என்று ஒன்று. பிரிட்டனில் 'மூட் பாயின்ட்' என்றால் இன்னும் வாதத்துக்கு இடமுள்ள செய்தி. அமெரிக்காவில் பெரும்பாலும், இனிப் பேசிப் பயனில்லாத செய்தி. சட்ட ஆவணம் மொழிபெயர்ப்பவர்கள் இதைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

#3 நேர்கோடு

இவ்வளவு கவலைப்பட வேண்டுமா? முன்பின் வரிகளைப் படித்தால் பொருள் விளங்கிவிடுமே. தவிர, ஆங்கிலம் பிறந்தது இங்கிலாந்தில். அங்கே வழங்கும் பொருளை மூலமாகக் கொண்டு, மற்றவற்றைத் திரிபு என்று குறித்துக்கொண்டால் குழப்பமே வராது.

#4 செவிலிமலர்

நேர்கோடு தம்பி, நோயாளியின் படுக்கையருகில் நிற்கும்போது முன்பின் வரிகள் இருப்பதில்லை. ஒரு வாக்கியம்தான் கிடைக்கும்.

ஸ்காட்லாந்து மருத்துவமனை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். எழுபது வயது கடந்த அம்மையார், காலில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். கட்டைப் பிரிக்கப் போனேன். அவர் காலைப் பார்த்தபடியே, 'ஐ டவுட் இட்ஸ் இன்ஃபெக்டட்' என்றார். புண்ணில் கிருமி சேர்ந்திருக்காது என்று அவர் நினைப்பதாக நான் எடுத்துக்கொண்டேன். 'நல்லது' என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று. பக்கத்தில் நின்ற மூத்த செவிலியர் ஒரு வார்த்தையும் பேசாமல் வெப்பமானியை எடுத்து அவர் வாயில் வைத்தார், புண்ணிலிருந்து பஞ்சில் தொட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார். வெளியே வந்த பிறகு எனக்கு விளக்கினார். ஸ்காட்லாந்துக்காரர் ஒன்றை 'டவுட்' செய்கிறேன் என்றால், அது நடந்திருக்கும் என்றே அஞ்சுகிறேன் என்று பொருள். மழையை 'டவுட்' செய்தால் குடையோடு போவார்கள்.

இங்கிலாந்துக்காரருக்கு அதே வாக்கியம் நேர் மாறு. நாமோ மூன்றாவது பொருளில் புழங்குகிறோம். வகுப்பில் கையைத் தூக்கி 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அவ்வளவுதான். தமிழில் 'சந்தேகம் கேட்கிறேன்' என்கிறோமே, அந்த உறவு ஆங்கிலத்துக்குள்ளும் போய்விட்டது. பிற நாட்டு ஆசிரியர் காதில் அது 'நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை' என்று விழக்கூடும். சில மாணவர்கள் துடுக்குக்காரர்கள் என்று பெயர் வாங்குவதற்கு இந்த ஒரு சொல் போதும். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் பதைக்கிறது.

ஸ்காட்லாந்தின் பொருள் திரிபும் அன்று. அஞ்சுகிறேன், ஐயுறுகிறேன் என்ற பொருளில் ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்திலேயே அந்தச் சொல் வழங்கியது. தெற்கே வழக்கொழிந்தது, வடக்கே நின்றுவிட்டது.

#5 சிறகுநோக்கி

செவிலிமலர் அம்மா சொன்ன அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு நேர்கோடுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

'மூலப்பொருள் இங்கிலாந்தில் இருக்கிறது' என்பது பல சொற்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. 'சிக்' என்றால் பொதுவாக நோயுற்ற நிலை, பழைய பொருள் அதுதான். அமெரிக்கா அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பிரிட்டனில்தான் பேச்சில் அது வாந்தியை நோக்கிக் குறுகியது. 'மேட்' என்றால் கோபம் என்பதும் பழைய ஆங்கிலப் பொருளே. கால்பந்துக்கு 'சாக்கர்' என்று பெயர் வைத்தவர்கள் அமெரிக்கர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து மாணவர்கள் 'அசோசியேஷன்' என்ற சொல்லின் நடுத்துண்டை உருவி ஆக்கிய பெயர் அது.

ஏன் பொருள் மாறுகிறது என்று கேட்டால் எனக்குப் பறவைகளே விடை சொல்கின்றன. ஐரோப்பாவில் 'ராபின்' என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு பறவை, மார்பும் முகமும் செம்மஞ்சள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் அங்கே சிவந்த மார்புள்ள பறவை ஒன்றைப் பார்த்தார்கள். ஊர் நினைவில் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். அந்த அமெரிக்க ராபின் உருவில் பெரியது, வேறு குடும்பம், பூங்குருவி இனம். 'எல்க்' இன்னும் சிக்கல். ஐரோப்பாவில் எல்க் என்று அழைக்கப்படும் அகன்ற கொம்பு விலங்கு வட அமெரிக்காவில் 'மூஸ்'. வட அமெரிக்கர் எல்க் என்பது வேறொரு பெரிய மான். இரு கண்டத்து எழுத்தாளர்களின் கானகக் கதைகளை மொழிபெயர்க்கும்போது இரண்டையும் ஒரே விலங்காக்கிவிடும் ஆபத்து உண்டு. அறிவியல் பெயரைத் தேடிப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்த சொல் 'கார்ன்'. அது தானியம் என்ற பொதுப்பெயர். எந்த வட்டாரத்தில் எந்தத் தானியம் மிகுதியோ அதையே அந்த வட்டாரம் அப்படி அழைத்தது: இங்கிலாந்தில் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ், அமெரிக்காவில் மக்காச்சோளம். மூவரும் ஒரே விதியைத்தான் பின்பற்றினார்கள், நிலம் வேறாக இருந்தது. 1815 முதல் 1846 வரை பிரிட்டனில் இருந்த 'கார்ன்' சட்டங்களைச் 'சோளச் சட்டங்கள்' என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவை தானிய இறக்குமதியைப் பற்றியவை, கோதுமைதான் அவற்றின் நடுப்பொருள். தமிழில் 'தானியச் சட்டங்கள்' என்பதே சரி.

#6 நேர்கோடு

'சாக்கர்' செய்தி எனக்குப் புதியது, நன்றி. 'மூலம்' என்ற வாதத்தை விட்டுவிடுகிறேன். முன்பின் வரிகள் பற்றிச் சொன்னதை மட்டும் விடமாட்டேன். கதையில் மூஸோ மானோ, வருணனை இருக்கும்.

என் தரப்புக்கு எதிரான சான்றையும் நானே தருகிறேன். எண்ணுக்கு வருணனை கிடையாது. பிரிட்டனில் பழைய 'பில்லியன்' என்பது மில்லியன் மில்லியன், அதாவது ஒரு லட்சம் கோடி. அமெரிக்காவில் அது ஆயிரம் மில்லியன், நூறு கோடி. 1974 டிசம்பரில் பிரதமர் ஹெரால்டு வில்சன், அரசின் கணக்குகளில் இனி அமெரிக்கப் பொருளே வழங்கும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதற்கு முந்தைய பிரிட்டிஷ் புத்தகத்தில் இந்தச் சொல் வந்தால் ஆயிரம் மடங்கு பிழைக்கு வாய்ப்பு இருக்கிறது. கோடியில் எழுதும் நமக்கு அந்தப் பிழை அச்சில் அப்படியே உட்கார்ந்துவிடும்.

#7 ஓடுபாதை

விமானத் துறையில் இருக்கிறேன். எங்களுக்கு இது நேரடியாக உயிர்ப் பிரச்சினை. ஆகவே சொற்களைத் தேர்ந்தெடுத்துப் பூட்டி வைத்திருக்கிறோம்.

ஓடுபாதையில் ஏறி நின்று காத்திருக்கச் சொல்ல, அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர்கள் நெடுங்காலம் 'பொசிஷன் அண்ட் ஹோல்ட்' என்றார்கள். பன்னாட்டு வழக்கு 'லைன் அப் அண்ட் வெயிட்'. பல நாடுகளில் 'ஹோல்ட்' என்ற சொல் வந்தாலே ஓடுபாதைக்கு வெளியே நில் என்று மனம் எடுத்துக்கொள்ளும். ஒருவர் காதில் 'ஏறி நில்', மற்றவர் காதில் 'ஏறாதே' என்று விழக்கூடிய வாய்ப்பு அது. 2010 செப்டம்பர் 30 முதல் அமெரிக்காவும் பன்னாட்டுத் தொடருக்கு மாறிவிட்டது.

'டேக்-ஆஃப்' என்ற சொல்லையும் இப்படியே காவலில் வைத்திருக்கிறோம். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரீஃப் தீவில், ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். டச்சு விமானி சொன்ன ஒரு வாக்கியத்தில், புறப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பதும் புறப்படக் காத்திருக்கிறோம் என்பதும் பிரிபடவில்லை. இப்போது அந்தச் சொல்லைப் புறப்பாட்டு அனுமதி தரும்போதும் அதை விலக்கும்போதும் மட்டுமே உச்சரிப்போம். மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்'.

எரிபொருள் பேசுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்க கேலன் சுமார் 3.79 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் சுமார் 4.55 லிட்டர். பெயர் ஒன்றுதான்.

#8 தென்முனை

அளவு என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் 'டேபிள்ஸ்பூன்' என்பது 20 மில்லிலிட்டர், நான்கு தேக்கரண்டி. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்று 15, மூன்று தேக்கரண்டி. மருந்துக் குறிப்பில் கரண்டிக் கணக்கு வந்தால் நான் மில்லிலிட்டரைக் கேட்காமல் விடுவதில்லை.

நான் சொல்ல வந்தது நேரத்தைப் பற்றி. தென்னாப்பிரிக்காவில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். போன புதிதில் குழாய் பழுது பார்ப்பவர் 'ஐ வில் கம் ஜஸ்ட் நவ்' என்றார். வாசலிலேயே நின்றேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி ஆயிற்று. மாலையில் வந்தவர் முகத்தில் குற்ற உணர்ச்சியே இல்லை, மிக இயல்பாகக் கருவிப் பெட்டியைத் திறந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அங்கே 'ஜஸ்ட் நவ்' என்றால் பிறகு ஒரு நேரத்தில். விரைவில் என்றால் 'நவ் நவ்' என்று இரட்டித்துச் சொல்வார்கள். நமக்கோ 'ஜஸ்ட் நவ்' என்றால் இப்போதுதான் நடந்து முடிந்தது. முடிந்துபோனதும் இனி வரப்போவதும் ஒரே தொடரில்! அங்கே சாலையோர 'ரோபாட்' என்பது போக்குவரத்து விளக்கு என்பதைச் சொன்னால் போதும், அதில் ஆபத்து இல்லை.

நேரச் சொற்களை ஏன் கவனிக்கச் சொல்கிறேன் என்றால், இந்த இடத்தில் எவரும் விளக்கம் கேட்பதே இல்லை. அமெரிக்க விமானத்தில் 'மொமென்டரிலி' தரையிறங்குவோம் என்றால் சிறிது நேரத்தில் இறங்குவோம். பிரிட்டிஷ் காதுக்கு அது, ஒரு கணம் மட்டும் இறங்கி நிற்போம். அமெரிக்காவின் தென்பகுதியில் பழைய தலைமுறைக்கு 'ஈவினிங்' நண்பகல் கழிந்ததுமே தொடங்கிவிடும். வட இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 'வைல்' என்றால் 'வரை' என்று பொருள். 'நைன் வைல் ஃபைவ்' என்றால் ஒன்பது முதல் ஐந்து வரை.

#9 பரிந்துரை

எல்லோரும் நேர் எதிர்ப்பொருள் தரும் சொற்களைச் சொல்கிறீர்கள். அவை எப்படியும் ஒருநாள் வெளிச்சத்துக்கு வந்துவிடும், யாராவது தொலைபேசியில் அழைத்துத் திட்டுவார்கள். வெளியே தெரியாமலே தீங்கு செய்யும் சொல் ஒன்று இருக்கிறது: 'குயிட்'.

ஆய்வு உதவித்தொகைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். பிரிட்டிஷ் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தில், மாணவியின் எழுத்து 'குயிட் குட்' என்று இருந்தது. அமெரிக்காவில் படித்த உறுப்பினர் அதை உரக்க வாசித்துவிட்டுத் தலையசைத்தார், 'மிக நன்று' என்று குறித்துக்கொண்டார். பிரிட்டனில் பணியாற்றித் திரும்பிய உறுப்பினர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 'இவர் பாராட்டவில்லை, பரவாயில்லை என்கிறார்' என்றார். கடிதத்தைக் கையில் வாங்கி இருமுறை படித்தேன். இருவர் பக்கமும் சாய இடமிருந்தது. எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்பதைப் பார்த்து இரண்டாமவர் சொன்னதையே ஏற்றோம்.

இதில் இன்னொரு மடிப்பும் உண்டு. முழுமையைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தால் பிரிட்டனிலும் 'குயிட்' முற்றிலும் என்றே பொருள்படும். 'குயிட் ரைட்' என்றால் முற்றிலும் சரி. 'குட்' போல் கூடக்குறைய இருக்கக்கூடிய சொல்லோடு சேரும்போதுதான் அது கீழே இழுக்கிறது. ஆகவே இந்தச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்லை நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாது.

நேர்கோடு, நீங்கள் கேட்கும் முன்பின் வரிகள் இந்தக் கடிதத்தில் இரண்டு பக்கம் இருந்தன. அப்படியும் குழு இரண்டாகப் பிரிந்தது.

#10 அவைக்குறிப்பு

பரிந்துரை சொன்னது போர்க்களத்திலும் நடந்திருக்கிறது. 1951 ஏப்ரல், கொரியாவில் இம்ஜின் ஆறு. பிரிட்டனின் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சீனப் படை சூழ்ந்துவிட்டது. நிலைமை எப்படி என்று அமெரிக்கத் தளபதி கேட்டபோது பிரிட்டிஷ் பிரிகேடியர் தாமஸ் பிரோடி, நிலைமை சற்று 'ஸ்டிக்கி' என்ற பொருளில் விடை சொன்னார். பிரிட்டிஷ் அதிகாரி வாயில் அது படுமோசம். அமெரிக்கர் காதில் அது கடினம்தான், சமாளிக்கலாம். பின்வாங்க ஆணை உரிய நேரத்தில் வரவில்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும் அந்தச் சொல் வரலாற்றில் நின்றுவிட்டது.

#11 நேர்கோடு

அது சொல்லின் பொருளா, பேசுபவரின் அடக்கமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று இன்னும் நினைக்கிறேன். 'ஸ்டிக்கி' அகராதியில் இரு நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் பரிந்துரையின் கடிதத்துக்கு என்னிடம் விடை இல்லை. அந்த மாணவிக்கு உதவித்தொகை கிடைத்ததா?

#12 பரிந்துரை

கிடைத்தது. அவருடைய கட்டுரை மாதிரியைத் தனியாக வரவழைத்து மூவரும் படித்தோம். கடிதத்தை மட்டும் நம்பியிருந்தால் கிடைத்திருக்காது.

#13 செவிலிமலர்

மருத்துவம் சார்ந்து இரண்டு சொல் மட்டும். பிரிட்டனில் 'சர்ஜரி' என்றால் மருத்துவரைப் பார்க்கப் போகும் இடமும்தான். 'அம்மா சர்ஜரிக்குப் போயிருக்கிறார்' என்ற செய்தியைப் பார்த்து அறுவை சிகிச்சை என்று அலறிப்போனவர்களை எனக்குத் தெரியும். இருமலுக்கு மருந்து வாங்கப் போயிருப்பார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் தொகுதி மக்களைச் சந்திப்பதற்கும் அதே பெயர். 'கேஷுவல்டி' என்பது அங்கே பழைய வழக்கில் அவசர சிகிச்சைப் பிரிவு. செய்தித்தாளில் வந்தால் இறந்தோரும் காயமுற்றோரும். 'உயிரிழந்தோர்' என்று மட்டும் மொழிபெயர்ப்பது பிழை, காயம்பட்டவர்களையும் சாகடித்துவிடுகிறோம்.

#14 வரிவடிவன்

இழையைத் தொடங்கியபோது இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று இரவு முழுவதும் உட்கார்ந்து இந்த ஆண்டு நான் முடித்த வேலைகளைத் திரும்பப் படித்தேன். 'டேபிள்' வேறு எங்கும் இல்லை. 'பில்லியன்' இரண்டு இடம், இரண்டும் அண்மைக் கால ஆவணம், சரியாகவே இருக்கின்றன. 'ரிவைஸ்' ஓரிடத்தில் தப்பு. பிரிட்டிஷ் கல்விக் கையேட்டில் தேர்வுக்கு மறுபடியும் படிப்பது என்று இருக்க வேண்டியது, நான் 'பாடக்குறிப்பைத் திருத்துக' என்று எழுதியிருக்கிறேன். மாணவர்கள் குறிப்பேட்டை அடித்து எழுதியிருப்பார்கள்.

அச்சமூட்டும் ஒன்றைச் செவிலிமலர் அம்மாவிடம் கேட்கிறேன். தென்னாப்பிரிக்காவில் எழுதப்பட்ட வீட்டுப் பாதுகாப்புக் கையேடு. 'பாரஃபின்' புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள் என்று ஒரு வரி. அமெரிக்க அகராதியைப் பார்த்து 'மெழுகு' என்று போட்டிருக்கிறேன். மெழுகு எப்படிப் புட்டியில் இருக்கும் என்று இப்போதுதான் உறைத்தது.

#15 செவிலிமலர்

மண்ணெண்ணெய்! பிரிட்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் 'பாரஃபின்' என்றால் அடுப்புக்கும் விளக்குக்கும் ஊற்றும் மண்ணெண்ணெய். அமெரிக்காவில்தான் மெழுகு. இதோடு 'லிக்விட் பாரஃபின்' என்று மலச்சிக்கலுக்குத் தரும் மருந்தெண்ணெய் ஒன்றும் உண்டு, அது வேறு. குழந்தை மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். கையேட்டில் அடுத்த வரி அதைத்தான் சொல்லும் என்று நினைக்கிறேன், பாருங்கள்.

#16 வரிவடிவன்

அடுத்த வரி அதேதான், அம்மா. கையேடு இன்னும் அச்சுக்குப் போகவில்லை. காலையில் முதல் வேலையாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மூன்று இடத்தில் 'மெழுகு' இருந்தது, மூன்றையும் 'மண்ணெண்ணெய்' என்று மாற்றித் திருத்திய படியை அனுப்பிவிட்டேன்.